ஜொகூர் லாமா: ஆற்றங்கரையில் ஒரு பழந்தலைநகர்

ஜொகூர் மாநிலத்துக் கோத்தா திங்கி மாவட்டத்தில், ஜொகூர் ஆற்றின் இடக்கரையில் அமைந்த சிற்றூர் ஜொகூர் லாமா. 'லாமா' என்னும் மலாய்ச் சொல் பழையது எனப் பொருள்படும். 'பாரு' என்பது புதியது. தஞ்சோங் புத்திரி என்றிருந்த ஊர் 1866-இல் ஜொகூர் பாரு ஆயிற்று. புதிய ஜொகூரை அறியாத மாணவர் இலர். பழைய ஜொகூர் எங்கே உள்ளது என வினவினால் விடை கூறுவோர் மிகச் சிலரே.

குனோங் பெலுமுட் மலைப் பகுதியில் தோன்றும் ஜொகூர் ஆறு, தெற்கு நோக்கி ஓடிக் கடலை அடைகின்றது. கீழ்ப்பகுதியில் அது ஆறாகத் தோன்றாது. கடலின் கை ஒன்று நாட்டுக்குள் நீண்டிருப்பது போலவே தோன்றும். 2011-இல் அவ்வட்டாரத்தில் திறக்கப்பெற்ற நெடுஞ்சாலைப் பாலம் ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர் நீளமுடையது என்பதிலிருந்தே அதன் அகலத்தை உணரலாம். கடல் ஓதம் உள்நாடு வரை ஏறி இறங்கும். ஏற்றத்தில் மரக்கலங்கள் உள்ளே வரும், வற்றத்தில் வெளியேறும். இரு கரையும் பெரும்பாலும் கண்டற்காடும் சேறுமே. அவற்றிடையே நீர்விளிம்பை ஒட்டி உயர்ந்து நிற்கும் திண்ணிய மேட்டுநிலம் அரிது. அத்தகைய மேடொன்றே ஜொகூர் லாமாவின் இருப்பிடம். மேலே நிற்பவன் கீழிருந்து வரும் கலங்களை நெடுந்தொலைவிலேயே காண இயலும்.

இம்மேட்டைத் தலைநகராக்கியது ஒரு வீழ்ச்சியின் விளைவு. 1511-இல் மலாக்கா போர்த்துகீசியர் கைப்பட்டது. நாடிழந்த சுல்தான் மகமூது ஷா 1528-இல் சுமத்திராவில் காலமானார். அவர் மைந்தர் அலாவுடின் ரியாயத் ஷா இவ்வாற்றின் மேற்பகுதியில் பெக்கான் துவா என்னுமிடத்தில் அரசு அமைத்தார். அங்கும் பகைவர் விடவில்லை. 1535-இலும் 1536-இலும் வாஸ்கோட காமாவின் மைந்தனான எஸ்தவான் ட காமா படையெடுத்து வந்தான். 1540-ஆம் ஆண்டளவில் அரசு ஜொகூர் லாமாவிற்கு மாறியது. 1564-இல் ஆச்சேயர் தாக்கிச் சுல்தானைச் சிறைபிடித்துச் சென்றனர், அவர் மீளவில்லை.

பின்னர் இந்நகர் மீண்டும் எழுந்தது. மண்ணால் உயர்த்திய அரணும் பீரங்கிகளும் அதனைக் காத்தன. ஜொகூர் படை மலாக்காவை நெருக்கியபோது அந்நகரில் உணவுப்பஞ்சம் தலைகாட்டியது. அதற்கு மறுமொழியாக, 1587 ஆகஸ்டில், தோம் பாவுலு த லீமா பெரைரா என்பவனின் கப்பற்படை இவ்வாற்றில் ஏறியது. நகர் பிடிபட்டு எரிக்கப்பட்டது. அச்செய்திகளை அக்காலத்துப் போர்த்துகீசிய வரலாற்றாசிரியன் தியோகு த கோத்து எழுதிவைத்துள்ளான். அவன் தன் நாட்டுத் தலைவனைப் புகழ எழுதியவன் என்பதை நினைவிற் கொண்டே அவற்றைப் படித்தல் வேண்டும்.

வணிகக் கலங்களை வரவேற்ற அகன்ற நீர்வழியே பகைவருக்கும் வழியாயிற்று. ஆதலின் சுல்தான் மேலும் உள்ளே சென்று பத்து சாவாரில் தலைநகர் கண்டார். ஒரு நகர் எரிந்தால் மற்றொன்று. ஆற்றை மட்டும் அவ்வரசு கைவிடவில்லை. 1606-இல் டச்சுக்காரருடன் உடன்படிக்கை செய்து, 1641-இல் அவர்கள் மலாக்காவைக் கைப்பற்றத் துணைநின்றதும் இவ்வரசே.

தமிழாசிரியர் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1612-இல் துன் ஸ்ரீ லானாங் செஜாரா மெலாயுவை உருவாக்கியது இவ்வாற்றங்கரை அரசில்தான். கெலிங் நாட்டு அரசன் ராஜா சூரான் படையெடுத்து வந்து, ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் இருந்த கருங்கல் கோட்டை நகரை வென்றதாக அந்நூல் உரைக்கின்றது. இதில் இராசேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பின் நினைவு கலந்திருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதுவர். கருத இடமுண்டு. எனினும் நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் கழிந்துள்ளன. கடாரமும் சீவிசயமும் இடம்பெறும் சோழன் மெய்க்கீர்த்தியில் ஜொகூர் என்னும் பெயர் இல்லை. 2005-இல் அக்கருங்கல் நகரின் இருப்பிடம் தெரிந்துவிட்டதென நாளிதழ்களில் பெரும் பேச்செழுந்தது; சுவடு காணப்படவில்லை என 2006-இல் அறிவிக்கப்பட்டது.

ஆகவே, ஜொகூர் லாமாவின் மண்ணரணைக் காட்டி 'இது சோழன் வென்ற கோட்டை' என மாணவர்க்குச் சொல்லுதல் பொருந்தாது. நூல் கூறுவது மேலாற்றுக் கருங்கல் கோட்டையை. இங்கிருப்பதோ கீழாற்று மண்மேடு. 1953-இல் சீவ்கிங், வீட்லி, கிப்சன் ஹில் ஆகியோரும், 1960-இல் சோல்ஹைமும் கிரீனும் இங்கு ஆய்வு நடத்தினர். மண்ணுக்குள் கிடைத்தவற்றுள் பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த, நீலவண்ணம் தீட்டிய சீனப் பீங்கான் ஓடுகள் குறிப்பிடத்தக்கவை. சுல்தான்களின் காலத்தோடு அவை இயைகின்றன.

இன்று ஊரில் அரணின் எச்சங்களும், அரும்பொருளகம் ஒன்றும், படகுத்துறையும் உள்ளன. அண்டையில் தெலுக் செங்காட்டின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள். ஓதம் முன்போலவே ஏறி இறங்குகின்றது, வருவன மீன்படகுகள்.