வேகத்தைக் கூட்டினால் கம்ப்யூட்டர் விழிக்க மறுப்பது ஏன்?

மலிவு விலைப் பிராசசரை அதிக வேகத்தில் ஓட்டப் பார்க்கிறார்கள். திரை இருண்டு விடுகிறது. "எந்திரம் செத்துவிட்டது" என்று வீடே கலங்குகிறது. ஆனால் பெரும்பாலும் அது சாகவில்லை. எந்த இடத்தில் நின்றது என்று பார்த்தால், நோய் இன்னதென்று தெரிந்துவிடும்!

ஏழையும் பணக்காரனும்

கம்ப்யூட்டருக்குள் கணக்குப் போடும் உறுப்புக்குப் "பிராசசர்" என்று பெயர். கம்ப்யூட்டரின் மூளை அதுதான்.

1998-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 24-ந் தேதி, அமெரிக்காவின் இன்டெல் கம்பெனி புதிய பிராசசர்களை விற்பனைக்கு விட்டது.

அவற்றில் ஒன்று, பணக்காரர் வீட்டுக்குப் போக வேண்டியது. "பென்டியம் 2" என்பது அதன் பெயர். வேகம் 450 மெகாஹெர்ட்ஸ். அதாவது, ஒரு நொடிக்கு 45 கோடி துடிப்பு! மொத்த வியாபாரிகளுக்கு அதன் விலை 669 டாலர்.

இன்னொன்று, ஏழை வீட்டுக்கு ஏற்றது. "செலரான் 300ஏ" என்பது அதன் பெயர். வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். நொடிக்கு 30 கோடி துடிப்பு. விலை 149 டாலர்தான்.

விலையில் இவ்வளவு வித்தியாசம் இருந்தாலும், இரண்டும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள். கணக்குப் போடும் பகுதி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே.

"ஏழையைப் பணக்காரனின் வேகத்தில் ஓட வைத்தால் என்ன?" என்று பலர் நினைத்தார்கள். ஓட வைத்தும் காட்டினார்கள். 149 டாலர் பிராசசர், 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது!

இப்படிக் கம்பெனி விதித்த வேகத்தை மீறி ஓட்டுவதற்கு "ஓவர்கிளாக்கிங்" என்று பெயர்.

எல்லாப் பிராசசரும் ஓடிவிடவில்லை. பல வீடுகளில் சுவிட்சைப் போட்டதும் இருட்டுத்தான் கண்டது மிச்சம்.

தாளம் போடுவது யார்?

பிராசசர் தானாகத் துடிப்பதில்லை. அதற்குத் தாளம் போடுவது "மதர்போர்டு". எல்லா உறுப்புகளையும் தாங்கி நிற்கும் பெரிய பலகை அது.

செலரான் 300ஏ-க்குப் பலகை போட வேண்டிய தாளம் 66 மெகாஹெர்ட்ஸ். அதாவது, நொடிக்கு 6 கோடியே 66 லட்சம் தட்டு. ஒரு தட்டுக்குப் பிராசசர் நாலரை முறை துடிக்கும். மொத்தம் 30 கோடி.

இந்த நாலரை என்ற கணக்கை இன்டெல் கம்பெனி பூட்டிவிட்டது. யாரும் மாற்ற முடியாது. ஆனால் தாளம் பலகையின் கையில் அல்லவா இருக்கிறது? அதற்குப் பூட்டு இல்லை.

தாளத்தை 100 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால், நொடிக்கு 10 கோடி தட்டு. நாலரையால் பெருக்கினால் 45 கோடி. அவ்வளவுதான் ரகசியம்!

தைவான் நாட்டு அபிட் கம்பெனியின் "பி.எச்.6" என்ற பலகையில், திரையில் வரும் பட்டியலைப் பார்த்தே தாளத்தை மாற்றலாம். அந்த வசதி இல்லாதவர்கள் வேறு தந்திரம் செய்தார்கள். பிராசசர் அட்டையின் அடியில் 242 முனைகள் உண்டு. அவற்றில் "பி21" என்ற முனையை மெல்லிய டேப்பினால் மூடினார்கள். பலகை ஏமாந்து போய், 100 தாளம் போட்டது.

தவிலை வேகமாக அடித்தால் நாதஸ்வரக்காரரும் ஈடுகொடுக்க வேண்டும். மூச்சுப் பிடிக்காவிட்டால் கச்சேரி நின்றுவிடும். கம்ப்யூட்டர் நிற்பதும் இப்படித்தான்.

முதல் வைத்தியம்

திரை இருண்டுவிட்டதா? பயப்பட வேண்டாம்.

நீங்கள் மாற்றிய வேகத்தைப் பலகை ஒரு சிறு நினைவுப் பகுதியில் குறித்து வைத்திருக்கிறது. நாணயம் போன்ற சிறு பேட்டரி அந்த நினைவைக் காத்து வருகிறது. ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும், தாங்க முடியாத அதே வேகத்தில் கிளம்பப் பார்க்கிறது. அதனால்தான் திரும்பத் திரும்ப நின்றுவிடுகிறது.

ஆகவே அதை மறக்கச் செய்ய வேண்டும்.

அபிட் பலகைகளில் "இன்சர்ட்" என்ற விசையை அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போட்டால், பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும்.

அது பலிக்கவில்லையானால், முதலில் மின்சார வயரைப் பிடுங்கிவிட வேண்டும். பிறகு, பலகையில் இதற்கென்றே உள்ள "ஜம்பர்" என்ற சிறு இணைப்பைப் பலகையின் புத்தகத்தில் சொல்லியபடி மாற்றிவைத்து, மறுபடியும் பழைய இடத்தில் போட வேண்டும். இல்லாவிட்டால், பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைக்கலாம். தேதியும் நேரமும் அழிந்து போகும். அவற்றை மீண்டும் பதிந்துகொள்ளலாம்.

டேப் ஒட்டியவர்களுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அவர்கள் டேப்பைத்தான் உரிக்க வேண்டும்.

எந்த இடத்தில் நின்றது?

பழைய வேகத்தில் கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டால், அதற்கு ஆபத்து ஒன்றும் இல்லை. இனி நோயைக் கண்டுபிடிக்கலாம்.

சுவிட்சைப் போட்டதும் ஒன்றுமே தெரியாமல் இருட்டாக நின்றதா? பிராசசரோ, "ராம்" என்ற நினைவு அட்டையோ புதிய தாளத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. அந்தக் காலத்து ராம் அட்டைகளில் பல, 66 தாளத்துக்கென்றே செய்தவை. 100 தாளத்துக்குப் "பி.சி.100" என்ற ரகம் வேண்டும். நல்ல ராமைப் போட்டும் இருட்டு விலகவில்லையானால், குறை பிராசசரிடம்தான்.

எழுத்துகள் தோன்றி, "விண்டோஸ்" கிளம்பும்போது நின்றதா? பிராசசருக்கு மின் அழுத்தம் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். பிராசசருக்குள் கோடிக்கணக்கான தடவை திறந்து மூடும் நுண்ணிய கதவுகள் உண்டு. அடுத்த துடிப்பு வருவதற்குள் அவை திறந்து மூடிவிட வேண்டும். அழுத்தம் கூடினால் கதவு விரைவாகத் திறக்கும். செலரான் 300ஏ-க்கு விதித்த அழுத்தம் 2 வோல்ட். அதை 2.1, 2.2 என்று சிறிது ஏற்றியதும் ஓடிய பிராசசர்கள் உண்டு.

நன்றாகக் கிளம்பி, பத்து நிமிடம் ஓடிய பிறகு நின்றதா? அது சூடு! வேகம் ஒன்றரை மடங்கு ஆனால், சூடும் ஒன்றரை மடங்கு ஆகும். அழுத்தத்தையும் 2.2 வோல்ட் ஆக்கினால் அது 1.8 மடங்குக்கு ஏறிவிடும். பழைய சிறு விசிறி போதாது. பெரிய விசிறி வேண்டும். மேலே உள்ள உலோகத் தகடு பிராசசரோடு நன்றாக ஒட்டியிருக்க வேண்டும். இதற்கு மேலும் அழுத்தத்தை ஏற்றுவது, பிராசசரைத் தீயில் போடுவது போலாகும்.

83-ல் ஒளிந்த ஆபத்து

"ஒரேயடியாக 100-க்குப் போவானேன்? நடுவில் 83-ல் நிறுத்தலாமே" என்று சிலர் எண்ணினார்கள். கேட்பதற்கு நிதானமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆபத்து அங்கேதான் இருந்தது!

படங்களும் கணக்குகளும் தங்கும் "ஹார்டு டிஸ்க்", வேறொரு பாதை வழியாகப் பேசுகிறது. அந்தப் பாதையின் தாளம் 33-தான். அந்த நாளைய பலகைகள் 66-ஐ இரண்டால் வகுத்து அந்த 33-ஐக் கொடுத்தன. 100-க்குப் போனால் மூன்றால் வகுக்கும். அப்போதும் 33 தான்.

83-ல் என்ன ஆகும்? இரண்டாலேயே வகுப்பதால், 33 வர வேண்டிய இடத்தில் 41 வந்துவிடும். ஹார்டு டிஸ்க் தடுமாறும். எழுதிய எழுத்து பிழையாகப் பதியும். கம்ப்யூட்டர் ஓடுவது போலவே இருக்கும். உள்ளே குடும்பத்தின் படங்களும், பிள்ளைகளின் பாடங்களும் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும்!

விழிக்காத கம்ப்யூட்டரைவிட, விழித்துக்கொண்டு தவறு செய்யும் கம்ப்யூட்டர் பொல்லாதது. வேகத்தில் கைவைக்கும் முன்பே, முக்கியமானவற்றை வேறொரு டிஸ்கில் பிரதி எடுத்து வைக்கவேண்டும் என்பது இதனால்தான்.

இன்றைக்கும் இதே வழி

செலரான் 300ஏ பழங்கதையாகிவிட்டது. 2014-ம் ஆண்டில் இன்டெல் கம்பெனியே, பென்டியம் பெயரின் 20-வது ஆண்டைக் கொண்டாட, "ஜி3258" என்ற மலிவுப் பிராசசரைப் பூட்டு இல்லாமல் விற்றது. ஏ.எம்.டி. கம்பெனி 2017-ல் வெளியிட்ட முதல் "ரைசன்" டெஸ்க்டாப் பிராசசர்களுக்கும் பூட்டு இல்லை.

இப்போதைய பலகைகள் கெட்டிக்காரப் பலகைகள். பல பலகைகள், சில தடவை கிளம்பிப் பார்த்துவிட்டு, முடியாவிட்டால் தாமாகவே பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். சிலவற்றில் நான்கு சிறு விளக்குகள் உண்டு. பிராசசர், ராம், திரை அட்டை, டிஸ்க் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு. எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ, அங்கேதான் கோளாறு.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ராமின் வேகத்தை மாற்றிய பிறகு, முதல் தடவை கிளம்ப ஒரு நிமிடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகலாம். புதிய வேகத்துக்குப் பலகை ராமைப் பழக்கிக்கொண்டிருக்கும். அதற்குள் "செத்துவிட்டது" என்று சுவிட்சை அணைக்கக் கூடாது.

வேகத்தைக் கூட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். வேகம், அழுத்தம், ராம் என்று மூன்றையும் ஒன்றாக மாற்றினால், எது கெடுத்தது என்று தெரியாது.

செய்த மாற்றத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். கம்ப்யூட்டரிலேயே எழுதிவைத்தால், அது விழிக்காதபோது யாரிடம் கேட்பது?

கிளம்பிவிட்டதே என்று மகிழ்ந்துவிடக் கூடாது. சில மணி நேரம் கடுமையாக வேலை வாங்கிப் பார்க்க வேண்டும். ஒரு தடவை நின்றாலும், ஒரு படி கீழே இறங்கிவிட வேண்டும்.

விதித்த வேகத்தை மீறினால், கம்பெனியின் உத்தரவாதம் போய்விடலாம். அதனால் அந்தச் சீட்டைப் படித்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

இவ்வளவும் செய்தும் ஒரு பிராசசர் ஓட மறுத்தால், அதை அதன் வேகத்திலேயே ஓட விடலாம். அந்த வேகத்துக்குத்தான் விலை கொடுத்தோம். அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.