தரையைப் பிடித்து ஓடும் கார்

ஆடிக் காற்றில் சைக்கிள் மிதித்திருக்கிறீர்களா? தொண்டூரிலிருந்து செஞ்சிக்குச் சைக்கிளில் போய்வரும் மாணவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். கதை கதையாகச் சொல்வார். எதிர்காற்றில் நிமிர்ந்து உட்கார்ந்து மிதித்தால் மூச்சு வாங்கும். ஹேண்டில்பாரின்மேல் கவிழ்ந்துகொண்டு மிதித்தால் சற்று எளிதாகிவிடும். யாரும் சொல்லிக் கொடுக்காமலே நாம் கற்றுக்கொண்ட காற்றியக்கவியல் பாடம் இது.

காருக்கும் இதே தொல்லைதான். காற்றுத் தடை, வேகத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகுகிறது. வேகம் 2 மடங்கானால் தடை 4 மடங்கு. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் கார் 240 கி.மீ. வேகம் எடுத்தால் தடை 16 மடங்கு! அப்படியானால் பந்தயக் காரைக் கத்திபோல் வடித்துவிட்டால் போதுமே என்று உங்களுக்குத் தோன்றும். போதாது. அதைவிடப் பெரிய அபாயம் ஒன்று இருக்கிறது. கார் பறந்துவிடலாம்!

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 1999ஆம் ஆண்டு பிரான்சில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்திற்கு வந்த மெர்சிடஸ் கார்கள் மூன்று முறை தரையைவிட்டு எழும்பிக் குட்டிக்கரணம் போட்டன. பந்தயத்தின்போதே ஒரு கார் வேலியைத் தாண்டி மரங்களுக்கிடையே போய் விழுந்தது. ஓட்டியவர் உயிர் தப்பினார். காரின் மூக்கு சற்றே தூக்கியதும் அடியில் புகுந்த காற்று அதை அப்படியே புரட்டிவிட்டது.

காரைத் தரையில் நிறுத்த எடையைக் கூட்டலாமே என்று கேட்பீர்கள். எடை கூடினால் வேகமெடுக்கவும், வளைவில் திரும்பவும், பிரேக் போட்டு நிற்கவும் கார் திணறும். எடையைக் கூட்டாமல் காரை அழுத்த வேண்டும். அந்த வேலையைக் காற்றிடமே ஒப்படைத்தார்கள் பொறியியலார்.

இதோ ஒரு சோதனை. ஒரே உயரமுள்ள இரண்டு புத்தகங்களை இடைவெளி விட்டு மேஜைமேல் வையுங்கள். அவற்றின்மேல் ஒரு தாளைப் பாலம்போல் போடுங்கள். தாளுக்கு அடியில் பலமாக ஊதுங்கள். தாள் மேலே எழும்பும் என்றுதானே நினைத்தீர்கள்? அது வளைந்து கீழே இறங்குகிறது! இடுக்கில் விரையும் காற்றின் அழுத்தம் குறைகிறது; மேலேயுள்ள காற்று தாளை அமுக்குகிறது. தாளுக்குப் பதில் காரின் அடித்தட்டு, மேஜைக்குப் பதில் சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். விஷயம் அவ்வளவுதான்.

இந்த உபாயத்தைச் சாலையில் ஓடும் காரிலேயே செய்து காட்டியது ஜப்பானின் ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். 1990இல் வெளிவந்த இந்தக் காரின் உடல் முழுவதும் அலுமினியம். எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால். எஃப்-16 போர் விமானத்தைப் பார்த்து ஓட்டுநர் அறையை அமைத்தார்கள். 2002இல் வந்த அதன் 'ஆர்' வகையில் அடிவயிற்றைத் தகடுகளால் மூடி வழவழப்பாக்கினார்கள். ரேடியேட்டரைக் கடந்த காற்று காருக்கடியில் தேங்காமல் பானெட்டின்மேல் உள்ள திறப்பு வழியே வெளியேறியது. விளைவு, வேகம் கூடக் கூடக் காரைத் தூக்கவேண்டிய காற்று அதைத் தரையோடு அழுத்தியது.

2005இல் இன்னொரு வகை வந்தது: என்.எஸ்.எக்ஸ்.-ஆர் ஜி.டி. பந்தய விதிக்காகச் செய்யத் திட்டமிட்டவை ஐந்தே ஐந்து. விலை 5 கோடி யென்! பந்தயக் காரைப்போலவே அகன்ற உடல், கூரையில் பெரிய காற்றுக் குழல். அந்தக் குழல் எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகவில்லை, வெறும் தோற்றத்துக்குத்தான் என்பது வேறு கதை!

முழுப் பந்தயக் காரில் பின்புறம் ஒரு பெரிய இறக்கையும் உண்டு. விமானத்தின் இறக்கையைத் தலைகீழாக மாட்டியதுபோல் அது காரைக் கீழே அழுத்தும். ஆனால் இலவசமாக அல்ல. இறக்கையைச் சாய்க்கச் சாய்க்க அழுத்தம் கூடும். கூடவே தடையும் கூடும். ஜப்பானின் ஃபூஜி பந்தயத் தடத்தில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நேர்பாதை. அங்கே தடை குறைய வேண்டும். சுற்றின் கடைசிப் பகுதியிலோ நெருக்கமான வளைவுகள். அங்கே அழுத்தம் வேண்டும். ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பதுதான் பொறியியலாரின் தலைவலி.

2019 நவம்பர் 24 அன்று அந்த ஃபூஜி தடத்தில் ஜப்பானின் சூப்பர் ஜி.டி. கார்களும் ஜெர்மனியின் டி.டி.எம். கார்களும் ஒன்றாக மோதின. என்.எஸ்.எக்ஸ். பந்தயக் கார் ஒன்றில் அமர்ந்திருந்தவர் கோவைக்காரர்! 2005இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன்தான் அவர். அப்போது அவருக்கு வயது 42. அவருடைய அணியின் தலைவர் சடோரு நகாஜிமா, முதல் என்.எஸ்.எக்ஸ். உருவானபோது சுசுகா தடத்தில் அதைச் சோதித்து ஓட்டியவர்களுள் ஒருவர்.

அன்று ஆடி கார் இரண்டாவதாகத்தான் வந்தது. கொடியை முதலில் கடந்தது நரேனின் என்.எஸ்.எக்ஸ்.