வென்றது யார்?

கோடை விடுமுறை என்றதும் பலருக்கு ஊட்டியும் கொடைக்கானலும் நினைவுக்கு வரும். எங்களுக்கோ மாமாவின் ஊர்தான். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி அமைந்த சிற்றூர் அது. அங்கே சித்திரைப் பொங்கலையொட்டி நடந்த குதிரை வண்டிப் பந்தயத்தை இவ்வாண்டு நேரில் கண்டோம்.

தென் மாவட்டங்களில் மாட்டு வண்டிப் பந்தயத்தைப் போலவே குதிரை வண்டிப் பந்தயமும் திருவிழாக் காலங்களில் நடைபெறுவதுண்டு. இதற்கெனத் தனி மைதானம் கிடையாது. ஊர்ச் சாலையே களம். பெரிய குதிரை, சிறிய குதிரை என்று பிரித்துத் தனித்தனியே ஓட விடுவார்கள். உயர்ந்த குதிரையோடு குட்டையான குதிரை போட்டியிடுவது நியாயமாகாது அல்லவா? இரண்டே சக்கரங்கள் கொண்ட இலேசான வண்டியில் ஒரு குதிரையைப் பூட்டிச் சாரதி அமர்வார். குறித்த எல்லை வரை சென்று, திரும்பி, புறப்பட்ட இடத்துக்கு முதலில் வந்து சேருபவருக்கே பரிசு.

அன்று மாலை வெயில் தணிந்து, சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. சாலையின் இருபுறமும் ஒரே கூட்டம். கொடி அசைந்ததும் லாடங்களின் ஓசை ‘டக் டக்’ என்று எழுந்தது. புழுதி கண்ணை மறைத்தது. சில இளைஞர்கள் மோட்டார் சைக்கிள்களில் ஹாரன் அடித்துக்கொண்டே பின்தொடர்ந்தார்கள். நாங்களும் கைதட்டிக் கூச்சலிட்டோம்.

திரும்பி வருகையில் ஒரு வெள்ளைக் குதிரை முன்னணியில் வந்தது. எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அதன் நடை தடுமாறியது. சாரதி உடனே கடிவாளத்தை இழுத்து நிறுத்தினார். லாடம் கழன்று, குளம்பிலிருந்து இரத்தம் கசிந்தது. மற்ற வண்டிகள் கடந்து போயின. “இன்னும் கொஞ்ச தூரந்தானே, ஓட்டியிருக்கலாமே!” என்று சிலர் கேலி செய்தார்கள். அவரோ வண்டியை அவிழ்த்துவிட்டு, குதிரையைத் தடவிக் கொடுத்து, மெல்ல நடத்திக்கொண்டே வந்தார். கூச்சலிட்ட எங்களுக்கு வெட்கமாகிவிட்டது.

இரவு மாமா விளக்கினார். ஓய்வாக நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 30 முதல் 40 முறை துடிக்கும். முழு வேகத்தில் ஓடும்போது அது 200-ஐத் தாண்டும். நம்மைப் போல் வாயால் மூச்சுவிட அதனால் முடியாது. மூக்கு ஒன்றுதான் வழி. நம்மைப் போலவே வியர்வையினால்தான் அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஆகவே ஓடி முடித்ததும் கட்டிப்போட்டுவிடாமல், மெல்ல நடத்தி, உடம்பில் தண்ணீர் ஊற்றி, குடிக்கவும் கொடுக்க வேண்டும். மண்ணைவிடத் தார்ச்சாலை கால்களை மிகவும் வருத்தும். தன் வலியைச் சொல்ல அதற்கு வாயில்லை. சாரதிதான் அறிந்து நிறுத்த வேண்டும்.

இத்தாலி நாட்டின் சியன்னா நகரில் ஆண்டுதோறும் ஜூலை 2, ஆகஸ்டு 16 ஆகிய நாட்களின் மாலையில் ‘பாலியோ’ என்னும் குதிரைப் பந்தயம் தேவமாதாவின் வணக்கமாக நடைபெறுகிறது. நகரின் 17 பேட்டைகளில் 10 பேட்டைகளின் குதிரைகள் ஓடும். பந்தயத்துக்கு முன் அந்தந்தப் பேட்டையின் கோயிலுக்குள்ளேயே குதிரையை அழைத்துச் சென்று, குருவானவர் அதை ஆசீர்வதிப்பார். சவாரி செய்பவர் வழியில் விழுந்துவிட்டாலும், குதிரை தனியே முதலில் வந்தால் வெற்றி அதற்கே! ஆனால் அங்கும் வளைவுகளில் விழுந்து உயிரிழந்த குதிரைகள் உண்டு. அதனால் ஆபத்தான வளைவில் சுவரை ஒட்டி மெத்தைகள் வைக்கிறார்கள்.

நம் நாட்டிலும் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, விலங்கை அடித்துத் துன்புறுத்துவதும் அளவுக்கு மீறி ஓட்டுவதும் குற்றமாகும். ஆனால் சாலையோரம் நிற்கும் நம் கைதட்டல் எதற்கு என்பதை எந்தச் சட்டமும் சொல்லித் தராது.

அன்று வெள்ளிக் கோப்பையை வேறொருவர் பெற்றுச் சென்றார். மறுநாள் காலை நாங்கள் போய்ப் பார்த்தபோது, வெள்ளைக் குதிரை காலில் கட்டுடன் கொள்ளு தின்றுகொண்டிருந்தது. வென்றது யார் என்று எங்களைக் கேட்டால், அந்தச் சாரதியையே காட்டுவோம். பிறர் கேலிக்கு அஞ்சாமல் வாயில்லா ஜீவனின் வேதனையை உணர்ந்து நிற்பதும் ஒரு வெற்றியே என்பதை அக்கோடை மாலை எங்களுக்குக் கற்பித்தது.