உங்களுக்குத் தெரியுமா? அட்டைக்கு அட்டை!

◆ விளையாட்டு வீரர் படம் போட்ட அட்டைகளைச் சேர்க்கும் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தது சிகரெட் கம்பெனிகள்தான். அந்தக் காலத்து சிகரெட் பாக்கெட் வெறும் காகித உறை. சட்டைப்பையில் வைத்தால் நசுங்கிவிடும். நசுங்காமலிருக்க உள்ளே ஓர் அட்டையைச் சொருகினார்கள். சும்மா கிடக்கிற அட்டையில் படம் போடலாமே என்ற யோசனை 1880களில் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் ஆலன் அண்ட் ஜிண்டர் கம்பெனி பேஸ்பால் வீரர், குத்துச்சண்டைக்காரர், துப்பாக்கி சுடுபவர் என்று 50 பேரை ஒரு செட்டாகப் போட்டது. இங்கிலாந்தில் வில்ஸ் கம்பெனி கிரிக்கெட்காரர்களைப் போட்டது. 1901-ல் வந்த வில்ஸ் செட்டில் ரஞ்சித்சிங்ஜியும் இருக்கிறார். அவர் பெயரில் கோப்பை வருவதற்கு முப்பது சொச்சம் வருடங்களுக்கு முன்பே அவர் சிகரெட் பாக்கெட்டுக்குள் போய்விட்டார்.

◆ அட்டை சேர்ப்பவர்களின் கோஹினூர், ஹோனஸ் வாக்னர் அட்டை. வாக்னர் பிட்ஸ்பர்க் அணியின் பேஸ்பால் வீரர். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 500-க்கும் மேற்பட்ட அட்டைகளை வெளியிட்டது. அதில் தன் படம் வரக்கூடாது என்று வாக்னர் சொல்லிவிட்டார், அச்சடிப்பதை நிறுத்தினார்கள். என் படத்துக்காகச் சின்னப் பையன்கள் சிகரெட் வாங்கக் கூடாது என்றாராம். இல்லை, கேட்ட காசு கொடுக்கவில்லை என்ற கோபம்தான் என்று சொல்பவர்களும் உண்டு. எது உண்மையோ, அதற்குள் கொஞ்சம் வெளியே போய்விட்டது. இன்று இருப்பதாகத் தெரிவது சுமார் 60. அதில் ஒன்று 2022-ல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

அந்த அறுபதிலும் பேர்போன ஒன்று உண்டு. ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கி இன்னொருவருடன் கூட்டுச் சேர்ந்து 1991-ல் 4,51,000 டாலருக்கு வாங்கியது. அட்டைகளின் தரத்தைப் பரிசோதித்து மதிப்பெண் போட்டு பிளாஸ்டிக் பேழையில் அடைத்துத் தரும் பி.எஸ்.ஏ. நிறுவனம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அது முதன்முதலில் மதிப்பெண் போட்ட அட்டையே இதுதான்: பத்துக்கு எட்டு! நூறு வருடத்து அட்டைக்கு ஓரங்கள் எப்படி இவ்வளவு கூர்மை என்று பலருக்கும் உறுத்திக்கொண்டே இருந்தது. 2013-ல் விடை வந்தது. ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அந்த அட்டையின் ஓரத்தை வெட்டிச் சீர்செய்தது தானே என்றும் சொன்னார். ஓரம் வெட்டிய அட்டைக்கு மதிப்பெண்ணே போடக்கூடாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம்.

◆ 1933-ல் பாஸ்டன் நகரத்து கௌடி சூயிங்கம் கம்பெனி 240 அட்டைகள் கொண்ட செட்டை வெளியிட்டது. பிள்ளைகள் கம் வாங்கித் தின்று தாடை வலித்ததுதான் மிச்சம், 106-ஆம் எண் மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை. காரணம் எளிது. அந்த எண்ணை கம்பெனி வெளியிடவே இல்லை. செட் முடியாத வரைக்கும் வாங்கிக்கொண்டே இருப்பார்கள் அல்லவா! சேர்ப்பவர்கள் விடவில்லை, கடிதம் எழுதித் துளைத்தார்கள். மறுவருடம் நெப்போலியன் லாஜுவே என்ற பழைய வீரரின் படத்தை 106 என்று எண்ணிட்டு அச்சடித்து, எழுதிக் கேட்டவர்களுக்கு மட்டும் தபாலில் அனுப்பியது கம்பெனி. ஆகவே அந்தச் செட்டிலேயே அரிய அட்டை, புகார் கொடுத்தவனுக்குக் கிடைத்த அட்டைதான்.

◆ இந்தப் பொழுதுபோக்குக்கு இலக்கணம் எழுதியவர் ஜெஃபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலத்து சிரக்யூஸ் ஊரில் மின்சாதனத் தொழிற்சாலையில் பாகங்களைப் பொருத்தும் வேலை. கல்யாணம் ஆகவில்லை. மூட்டுவாதம் விரல்களை முடக்கிக்கொண்டே வந்தது. சிகரெட், மிட்டாய், சூயிங்கம் என்று எதனோடு அட்டை வந்தாலும் சேர்த்தார். சேர்த்ததோடு நிற்காமல், புகையிலை அட்டைக்கு ‘டி’, பழைய மிட்டாய் அட்டைக்கு ‘இ’ என்று எழுத்தும் எண்ணும் கொடுத்துப் பட்டியல் புத்தகம் போட்டார். வாக்னர் அட்டை உள்ள செட்டை இன்றும் உலகம் ‘டி206’ என்று அழைப்பது அவர் வைத்த பெயரால்தான்.

1947-லிருந்து தன் சேகரிப்பை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கத் தொடங்கினார். எல்லாவற்றையும் நீங்களே வகைபிரித்து ஆல்பத்தில் ஒட்டித் தர வேண்டும் என்றது அருங்காட்சியகம். வளையாத விரல்களால் வருடக்கணக்கில் உட்கார்ந்து ஒட்டினார். மொத்தம் 3,06,353 உருப்படிகள். 1963 ஜனவரி 10-ஆம் தேதி வேலை முடிந்தது என்று எழுந்தார், மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். மார்ச்சில் காலமானார். அந்தக் குவியலில் பேஸ்பால் அட்டைகள் மட்டும் 30,000-க்கு மேல். மனிதர் பேஸ்பால் ரசிகர்கூட இல்லை!

◆ இப்போதைய அட்டையின் அளவு இரண்டரைக்கு மூன்றரை அங்குலம். 1957-ல் டாப்ஸ் கம்பெனி பிடித்த அளவு இது. உறை, பெட்டி, ஆல்பம் எல்லாம் இன்றும் அதற்கேற்பத்தான் தயாராகின்றன.

◆ அதே டாப்ஸின் 1952 செட்டை வடிவமைத்தவர்களில் சை பெர்கர் முக்கியமானவர். புரூக்ளினில் தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டிச் செய்தார். வீரரின் கையெழுத்து முன்னால், புள்ளிவிவரம் பின்னால் என்ற அமைப்பு பிரபலமானது அந்தச் செட்டால்தான். அதில் கடைசித் தவணை அட்டைகள் கடைக்கு வரும்போது பேஸ்பால் சீசன் முடியும் நேரம், பிள்ளைகளின் கவனம் வேறு பக்கம் போயிருந்தது. பெட்டி பெட்டியாகத் தேங்கியது. பாதி விலைக்குக்கூட யாரும் எடுக்கவில்லை. இடத்தை அடைக்கிறதே என்று 1960-ல் பெர்கரே அவற்றைக் குப்பைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் நியூஜெர்சி கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் கொட்டினார்.

கடலுக்குப் போன தவணையின் முதல் எண் 311, மிக்கி மாண்டில். கரையில் தப்பியதில் நல்ல நிலையிலிருந்த ஒன்றை 1991-ல் ஒருவர் 50,000 டாலருக்கு வாங்கி வைத்திருந்தார். 2022 ஆகஸ்டில் அது 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 2025 ஆகஸ்டில் மைக்கேல் ஜோர்டன், கோபி பிரையன்ட் இருவரும் கையெழுத்திட்ட ஒரே ஓர் அட்டை 1 கோடியே 29 லட்சத்தைத் தாண்டி அந்தச் சாதனையை முறியடித்தது.

◆ அட்டையில் படம் வந்த வீரருக்கு என்ன கிடைத்தது? சின்ன லீக்கில் ஆடும் பையன்களிடம் டாப்ஸ் ஆட்கள் 5 டாலர் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். பெரிய லீக்குக்கு வந்தபின் வருடத்துக்கு 125 டாலர். 1960களின் இறுதியில் மார்வின் மில்லர் என்ற தொழிற்சங்கக்காரர் வீரர்கள் சங்கத்துக்கு வந்து, படம் எடுக்க யாரும் நிற்காதீர்கள் என்று சொன்ன பிறகுதான் தொகை இரட்டிப்பானது, விற்பனையில் பங்கும் கிடைத்தது.

◆ பிழைகளுக்கும் இங்கே மவுசு உண்டு. 1957-ல் ஹேங்க் ஆரன் அட்டையில் நெகடிவ் திரும்பிவிட்டதால் வலக்கை ஆட்டக்காரர் இடக்கை ஆட்டக்காரராக நிற்கிறார். 1969-ல் ஆரெலியோ ரொட்ரிகஸ் என்று போட்டிருக்கும் அட்டையில் இருப்பது அணிக்கு மட்டை எடுத்துக் கொடுக்கும் பையன். 1989-ல் பில்லி ரிப்கன் தோளில் வைத்திருக்கும் மட்டையின் அடிப்பிடியில் ஒரு கெட்டவார்த்தை எழுதியிருந்தது. ஃபிளீர் கம்பெனி பதறிப்போய் அதை மறைக்கப் பார்த்தது: ஒரு தடவை வெள்ளை பூசி, ஒரு தடவை கிறுக்கி, ஒரு தடவை கறுப்புக் கட்டம் போட்டு. இப்போது கெட்டவார்த்தை உள்ள அட்டையோடு, மறைத்த அட்டைகளில் ஒவ்வொரு வகையையும் தேடிச் சேர்க்கும் கூட்டமே இருக்கிறது. பயிற்சி மட்டையை அடையாளம் தெரிந்துகொள்வதற்காகத் தானேதான் எழுதினேன் என்று ரிப்கன் 2008-ல் சொன்னார்.

◆ 2012-ல் ஓஹையோ மாநிலத்து டிஃபையன்ஸ் ஊரில் ஒரு பழைய வீட்டின் பரணை ஒழித்தபோது, பொம்மை வீட்டுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே சுமார் 700 அட்டைகள், 1910 வாக்கில் மிட்டாயோடு வந்தவை, நூல் கட்டியபடி, கைபடாமல். மதிப்பு 30 லட்சம் டாலர் வரை போகலாம் என்றார்கள். வீட்டுக்கு வாரிசுகள் 20 பேர், எல்லோரும் ஒன்றுவிட்ட உறவு. சத்தமில்லாமல் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். பரணில் கிடைத்த அட்டைகளைவிட இதுதான் எனக்கு அரிய விஷயமாகப் படுகிறது.

◆ இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டு 1980களின் இறுதியில் அமெரிக்கர்கள் அட்டைகளைப் பெட்டியோடு வாங்கி, பிரிக்காமல் அலமாரியில் பூட்டி வைத்தார்கள், பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸுக்கு ஆகும் என்று. கம்பெனிகளும் சளைக்காமல் அச்சடித்துத் தள்ளின. எல்லோரும் பத்திரமாக வைத்திருப்பதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அந்தக் காலத்து அட்டைகளுக்கு ‘ஜங்க் வாக்ஸ்’, அதாவது மெழுகுறைக் குப்பை என்றே பெயர் விழுந்துவிட்டது. விதிவிலக்குகள் உண்டு. 1989 அப்பர் டெக் செட்டின் முதல் எண்ணான கென் கிரிஃபி ஜூனியர் அட்டைக்கு இன்றும் ஆள் இருக்கிறது.

◆ சரி, விலையை விடுவோம். என்னைக் கேட்டால் இந்தப் பொழுதுபோக்கின் ருசி மாற்றிக்கொள்வதில்தான். அதற்குக் கணக்கே சாட்சி. 2018 உலகக் கோப்பைக்கான பனினி கால்பந்து ஆல்பத்தில் 682 ஸ்டிக்கர். பாக்கெட்டுக்கு ஐந்து. யாரோடும் மாற்றிக்கொள்ளாமல் தனியாளாக நிரப்ப முயன்றால், பாதி ஆல்பத்துக்கு 470 ஸ்டிக்கர் சொச்சம் போதும். மீதிப் பாதிக்கு இன்னும் நாலாயிரத்துக்கு மேல் வாங்க வேண்டும்! கடைசி ஒரே ஒரு ஸ்டிக்கருக்கு மட்டும் சராசரியாக 136 பாக்கெட். பத்துப் பேர் சேர்ந்து டபுள்ஸை மாற்றிக்கொண்டால் தலைக்கு ஆகும் செலவு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகிவிடும். அந்தக் கடைசி ஸ்டிக்கரை கம்பெனி வேண்டுமென்றே குறைவாகப் போடுகிறது என்ற சந்தேகம் எல்லா ஊரிலும் உண்டு. ஜெனீவா பல்கலைக்கழகக் கணிதக்காரர்கள் இருவர் 2010 ஆல்பத்துக்காக ஆயிரக்கணக்கான ஸ்டிக்கர்களை எண்ணிப் பார்த்துவிட்டு, அப்படி எதுவும் இல்லை என்றார்கள்.

◆ பனினி சகோதரர்கள் இத்தாலியின் மொதேனா நகரில் பத்திரிகைக் கடை வைத்திருந்தவர்கள். முதல் கால்பந்து ஆல்பம் 1961-ல். ஒரே படம் ஒரே பாக்கெட்டில் இரண்டு தடவை வராமலிருக்க எல்லாவற்றையும் கலக்க வேண்டுமே, ஆரம்பத்தில் அதற்கு வெண்ணெய் கடையும் பீப்பாயைப் பயன்படுத்தினார்கள். பிறகு உம்பெர்ட்டோ பனினி அதற்கென்றே ஓர் இயந்திரம் செய்தார். 2022-ல் அர்ஜென்டினாவில் ஸ்டிக்கர் தட்டுப்பாடு முற்றி, வணிகத்துறைச் செயலாளரே கம்பெனிக்காரர்களையும் பெட்டிக்கடைக்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச வேண்டியதாயிற்று.

◆ நம் ஊரிலும் இந்தச் சங்கதி உண்டு. 1980களில் ‘பிக் ஃபன்’ பபிள்கம்மோடு கிரிக்கெட்காரர் படம் வரும். அதில் ரன்னோ விக்கெட்டோ குறித்திருக்கும், சொன்ன கணக்குக்குச் சேர்த்தால் பரிசு. 90களில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். டிரம்ப் கார்டு வந்தது. உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், ரேங்க் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எதிராளியின் கார்டைப் பிடுங்குவது. எத்தனை சீட்டுக்கட்டு வாத்தியார் மேசை டிராயரில் முடிந்ததோ!

◆ அமெரிக்காவில் முகம் பார்க்காமல் தபாலிலேயே மாற்றிக்கொள்பவர்கள் ஏராளம். நடைமுறை இது. முதலில் இருவரும் தேவைப் பட்டியலைப் பரிமாறிக்கொள்வார்கள். பேச்சு முடிந்ததும், கூட்டத்துக்குப் புதியவர்தான் முதலில் அனுப்ப வேண்டும். ஏற்கெனவே பலரோடு மாற்றி நல்ல பெயர் எடுத்தவர் பிறகு அனுப்புவார். அட்டையை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதைக் கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் இறக்கி, வாயை நீலநிற பெயின்டர் டேப்பால் மூட வேண்டும். சாதாரண செலோடேப் ஒட்டினால் பிசின் இழுத்துக்கொண்டு வரும், பிரிக்கிற அவசரத்தில் அட்டையின் முனை மடங்கும். டேப்பின் ஒரு நுனியை மடித்துவிட்டால் பிரிப்பவருக்குச் சுலபம். தெரிந்தவர் கட்டியதா, தெரியாதவர் கட்டியதா என்று அந்த நுனியைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். கேட்டதற்கு மேல் ஒன்றிரண்டு அட்டைகளை, உங்கள் அபிமான அணிக்காரருடையதாகப் பார்த்துச் சும்மா போட்டு அனுப்புவதும் வழக்கம்.

◆ நேரில் மாற்ற விரும்புபவர்களுக்கு 1980-ல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கி வருடந்தோறும் நடக்கும் தேசிய மாநாடு இருக்கிறது. பகலில் வியாபாரம். சாயங்காலம் ஹோட்டல் கூடத்தில் தரையில் உட்கார்ந்து பையன்கள் பெட்டியைத் திறந்தால் நள்ளிரவு வரை பேரம். ஒரு கையில் அட்டை, இன்னொரு கையில் போன். கடைசியாக அது என்ன விலைக்குப் போனது என்று பார்க்காமல் யாரும் தலையாட்டுவதில்லை. எனக்கு அந்த போன் பிடிக்கவில்லை. என்னிடம் இல்லாதது உன்னிடம் இருக்கிறது என்பது போதாதா?

◆ போதாது என்றுதான் தோன்றுகிறது. 2024 கிறிஸ்துமஸ் அன்று லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 11 வயதுப் பையன் பிரித்த பாக்கெட்டில் பிட்ஸ்பர்க் பேஸ்பால் வீரர் பால் ஸ்கீன்ஸின் அட்டை வந்தது. முதல் மேட்சில் அவர் அணிந்த சட்டையிலிருந்த சின்னத்தை எடுத்து ஒட்டி, கையெழுத்தும் போட்ட ஒரே அட்டை. எங்களுக்குக் கொடு, 30 வருடத்துக்கு சீசன் டிக்கெட் தருகிறோம் என்று பிட்ஸ்பர்க் அணி மாற்றுக்கு அழைத்தது. பையன் வீட்டார் ஏலத்துக்குப் போனார்கள். கிடைத்தது 11 லட்சம் டாலருக்கு மேல். பிட்ஸ்பர்க் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் பையன் செய்தது சரி என்கிறார்கள்.

◆ பழைய டாப்ஸ் அட்டை ஏதாவது கைக்கு வந்தால் முதலில் எண்ணைப் பாருங்கள். 100, 200, 300 என்று முழு எண்கள் பெரிய நட்சத்திரங்களுக்கு, 50, 150 போன்றவை அடுத்த படிக்கு, உதிரி எண்கள் மற்றவர்களுக்கு என்பது கம்பெனியின் எழுதாத வழக்கம். 1997 முதல் 2005 வரையிலான செட்டுகளில் 7-ஆம் எண்ணை மட்டும் தேடாதீர்கள். காலமான மிக்கி மாண்டிலின் சட்டை எண் அது என்பதால் டாப்ஸ் அந்த வருடங்களில் அதை யாருக்கும் கொடுக்கவில்லை.