ஓதத் தெரிந்த நமக்கு அரபு மொழி புரிய வேண்டாமா?



சென்ற ஆண்டு ரமளான் பிறைக்குச் சில நாட்கள் முன்னதாக, எங்கள் மத்ரஸாவில் பயிலும் சிறுவன் ஒருவனின் பாட்டியார் என்னைக் காண வந்தார். அறுபது வயதைக் கடந்தவர்.

"ஹஜ்ரத், ஏழு வயசிலே ஓத ஆரம்பிச்சேன். எத்தனை கத்தம் முடிச்சேன்னு கணக்கே இல்லே. ஆனா ஓதுறது என்னன்னு தெரியாமலே மௌத்தாயிடுவேனோன்னு பயமா இருக்கு. பிள்ளைங்களோட பாயிலே வந்து உட்காரவும் வெட்கமா இருக்கு" என்றார்.

நான் ஒரு தமிழாக்கப் பிரதியைக் கொடுத்தனுப்பினேன். பத்தே நாட்களில் திரும்பி வந்தார். "படிச்சேன் ஹஜ்ரத். கருத்து விளங்குது. ஆனா நான் ஓதுற வார்த்தையிலே எதுக்கு எது அர்த்தம்னு தெரியலையே!"

நியாயமான கேள்வி. அதற்கு விடை கண்டவன் நானல்லன், அவருடைய பேரன். மத்ரஸாவுக்குள் வரவே கூடாதென்று நான் தடுத்து வைத்திருந்த கைபேசியில் அவன் ஒரு குர்ஆன் செயலியைத் திறந்து பாட்டியின் கையில் கொடுத்தான். விரல் பட்ட சொல்லுக்குப் பொருள் தெரிகிறது. அந்தச் சொல் மட்டும் தனியே ஒலிக்கிறது. சில செயலிகளில் இப்பொருள் தமிழிலேயே கிடைக்கிறது. அன்று முதல் கைபேசியைப் பற்றிய என் கருத்தைச் சற்றே மாற்றிக்கொண்டேன்.

நம் வீட்டிலேயே இருக்கும் அரபு

அரபு நமக்கு முற்றிலும் அந்நிய மொழியா? சிந்தித்துப் பாருங்கள். இல்ம், ஆலிம், உலமா, முஅல்லிம், தஃலீம் ஆகியவை நாம் அன்றாடம் கேட்கும் சொற்கள். அனைத்தும் 'அறிதல்' என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ரஹ்மத், ரஹ்மான், ரஹீம் ஆகியவற்றின் வேர் 'அருள்'. மறைந்தவர் பெயருக்கு முன் நாம் எழுதும் 'மர்ஹூம்' என்பதும் அவ்வேரிலிருந்தே வந்தது. 'அருள் செய்யப்பட்டவர்' என்பது அதன் பொருள். கிதாப், காதிப், மக்தப் ஆகிய மூன்றுக்கும் வேர் 'எழுதுதல்'.

பெரும்பாலான அரபுச் சொற்கள் இவ்வாறு மூன்றெழுத்து வேரில் நின்று கிளைப்பவை. இதை உணர்ந்துவிட்டால் ஒரு சொல்லைக் கற்பவர் ஒரு குடும்பத்தையே கற்கிறார். திருக்குர்ஆனில் ஏறத்தாழ 77 ஆயிரம் சொற்கள் உள்ளன. ஆயினும் சில நூறு சொற்களே திரும்பத் திரும்ப வருகின்றன. 'சொல்லுதல்' என்னும் பொருள்தரும் வேர் மட்டும் 1,700 தடவைக்கு மேல் வருகிறது. சொல்லுக்குச் சொல் வேரையும் இலக்கண வகையையும் பிரித்துக் காட்டும் தொகுப்பொன்றை இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி, இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள்.

மறதிக்கு மருந்து

"படித்தது நிற்பதில்லையே" என்பது பெரியவர்களின் முறையீடு. ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, மறதி முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்வதை 1885-இல் நூலாக வெளியிட்டார். லைட்னர் என்பவர் 1970-களில் அதற்கு எளிய வழி சொன்னார். ஒரு பெட்டியில் சில அறைகள். அட்டையின் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையை அன்றாடமும், அடுத்தடுத்த அறைகளை நாள் தள்ளியும் பார்க்க வேண்டும்.

ஹிப்ழு மாணவர்களுக்கு இது புதுமையன்று. புதுப்பாடத்துடன் பழைய பாடத்தையும் முறைவைத்துக் கேட்பது நம் மத்ரஸாக்களின் வழக்கமே. 2006-இல் வெளிவந்த 'ஆன்கி' என்னும் செயலி இந்த வேலையைக் கைபேசியில் செய்கிறது. எந்தச் சொல்லை எந்த நாளில் கேட்க வேண்டுமெனத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியில் அது இலவசம். கைபேசி இல்லாதோர் அட்டைகளைப் பழைய சோப்புப் பெட்டியில் அடுக்கிக்கொண்டாலும் பலன் ஒன்றே!

செவியும் நாவும்

என் சிறுவயதில் வாப்பா சவூதியிலிருந்து டேப்ரிகார்டரும் கிராஅத் கேஸட்டுகளும் கொண்டுவந்தார்கள். ஓர் ஆயத்தை மீண்டும் கேட்க நாடாவைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். சிக்கினால் பென்சிலைச் செருகித் திருக வேண்டும். இன்றோ, முழுக் குர்ஆனையும் 1961-இல் ஒலிப்பதிவில் தந்த எகிப்தின் காரீ மஹ்மூத் கலீல் ஹுஸரீ அவர்களின் ஓதலை, வேண்டிய ஆயத்தில் நிறுத்தி, வேண்டிய தடவை கேட்கலாம். நம் குரலையும் பதிவு செய்து இரண்டையும் ஒப்பிட்டால், நம் பிழை நமக்கே கேட்கும்.

எச்சரிக்கை தேவை

இருப்பினும், ஆசானின் இடத்தைக் கருவி நிரப்பாது. தமிழில் எழுதினால் இரண்டுமே 'கல்ப்' தான். ஆனால் தொண்டையை ஒட்டிப் பிறக்கும் 'காஃப்' வந்தால் இதயம், மற்றொரு 'காஃப்' வந்தால் நாய்! இப்பிழையைத் திருத்த, வாயைப் பார்த்துச் சொல்லித்தரும் ஒருவர் வேண்டும்.

மொழிபெயர்ப்புச் செயலிகளையும் கண்மூடி நம்பலாகாது. குறியீடுகளின்றி மூன்றெழுத்தை எழுதினால் அது 'கதப' (எழுதினான்), 'குதிப' (எழுதப்பட்டது), 'குதுப்' (நூல்கள்) என எதுவாகவும் இருக்கலாம். கேள்விக்கு விடை சொல்லும் செயலி ஒன்றிடம் நானே ஒரு வாக்கியத்தின் இலக்கணத்தைக் கேட்டு, சரிபாராமல் கரும்பலகையில் எழுதிவிட்டேன். மூத்த மாணவர் ஒருவர் எழுந்து தவறைச் சுட்டினார். நாணத்துடன் அழித்தேன். தவறையும் உறுதியான குரலில் சொல்லும் இயல்பு அக்கருவிக்கு உண்டு என்பதை அன்று அறிந்தேன்.

வளைகுடா செல்வோர் மற்றொன்றையும் அறிய வேண்டும். நூல் அரபில் 'என்ன வேண்டும்?' என்பதற்கு 'மாதா துரீத்'. ஜித்தா கடைவீதியிலோ 'ஏஷ் திப்கா'. எதற்காகப் படிக்கிறோம் என்று முடிவு செய்துகொண்டே பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

நம் வாணியம்பாடியில் 1933-இல் பிறந்து, மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பிறமொழி மாணவர்களுக்கு அரபு கற்பித்தவர் டாக்டர் வ. அப்துர் ரஹீம் (மறைவு: 2023). அவருடைய 'துரூஸுல் லுகத்தில் அரபிய்யா' மூன்று பாகங்களும் உலகெங்கும் பாடநூல்களாக விளங்குகின்றன. அவரே நடத்திய பாடங்களின் காணொளிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. 'இது என்ன? இது வீடு' என்று தொடங்கும் முதல் பாடத்தைப் பள்ளிச் சிறுவனும் பயிலலாம்.

இஷாவுக்குப் பின் இருபது நிமிடம். குடும்பத்துக்கு ஒரே கைபேசி, மற்றவை அலமாரியில். நாளுக்கு ஐந்து சொற்கள். வாரத்தில் ஒருநாள் ஓர் ஆலிமிடமோ ஆலிமாவிடமோ ஓதிக்காட்டல். இவ்வளவு போதும்.

அந்தப் பாட்டியார் அம்ம ஜுஸ்வின் கடைசிப் பத்து சூராக்களைச் சொல்லுக்குச் சொல் முடித்துவிட்டார். சென்ற மாதம் வந்தபோது, "இப்பல்லாம் சீக்கிரமா ஓத முடியலே ஹஜ்ரத்" என்று குறைபோலச் சொன்னார். "ஏன்?" என்றேன்.

"வார்த்தை புரியுதே! புரிஞ்சா நின்னுதானே போகணும்?"

வாசகர்களே! இன்றிரவே உங்கள் இல்லத்தில் ஒரு சிறு சூராவை எடுங்கள். அல்லாஹ் அருள் புரிவானாக!