பாதணி ஓர்க்கிட் செடிகளை வீட்டில் மீண்டும் வளர்த்தல்

வீட்டு முற்றத்திற் பொழுதுபோக்காகப் பூஞ்செடி வளர்க்கும் கமக்காரருட் சிலர், முன்னொரு காலத்திற் பாதணி ஓர்க்கிட் செடிகளை வாங்கி வளர்த்து, அவை ஒன்றன்பின் ஒன்றாக அழுகிப்போனமையாற் கைவிட்டிருப்பர். அத்தகையோர் மீண்டும் தொடங்க விரும்பின், புதுச் செடி வாங்குமுன், பழைய செடி எதனால் இறந்தது என்பதை அறிதல் வேண்டும். காரணம் அறியாது தொடங்குபவர் முன்போலவே பொருளையும் சில ஆண்டு உழைப்பையும் இழப்பர்.

பெரும்பாலான செடிகள் கவனிப்பின்றி இறப்பதில்லை. வயலுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் பழகிய கை, அதே அளவில் நீரும் பசளையும் இட்டமையாலேயே அவை இறக்கின்றன.

செடியின் இயல்பு

பூவின் கீழிதழ் ஒரு பாதணியின் முன்பக்கம்போலக் குழிந்து பை வடிவாய் இருத்தலின் இதற்கு இப்பெயர் வந்தது. வீடுகளில் வளர்க்கப்படுவன பெரும்பாலும் பாப்பியோபெடிலம் என்னும் சாதியைச் சேர்ந்தவை. இச்சாதியின் இனங்கள் தென்னிந்தியா, வடகிழக்கிந்தியா, தென்சீனா ஆகிய இடங்களிலும், தென்கிழக்காசியா முதல் சொலமன் தீவுகள் வரையிலும் இயற்கையாய் வளர்கின்றன. இலங்கைக் காடுகளுக்கு உரிய ஓர்க்கிட்கள் பலவாயினும் அவற்றுள் இச்சாதி இல்லை. நமக்கு அண்மையில் உள்ளது பாப்பியோபெடிலம் துரூரியை என்னும் இனமாகும். அது அகத்தியர் மலைப் பகுதிக்கு மட்டுமே உரியது. சேகரிப்போர் மிகுதியாய்ப் பிடுங்கியமையால் அது அருகிப்போயிற்று.

இவற்றுட் பல, காட்டுத்தரையிற் குவிந்த இலைச்சருகிலும் பாறை இடுக்குகளிலும் வளர்வன. டென்ட்ரோபியம் போன்ற ஓர்க்கிட்கள் தடித்த தண்டில் நீரைச் சேமித்து வைக்கும். பாதணி ஓர்க்கிட்டுக்கு அவ்வகைச் சேமிப்புத் தண்டு இல்லை. ஆகவே அது நெடுநாள் முற்றாகக் காய்ந்திருக்கவும் இயலாது. அதன் வேர்கள் சிலவே, தடித்தவை, மயிர் படர்ந்தவை. ஒருமுறை அழுகினாலோ முறிந்தாலோ மீண்டும் எளிதில் வளரமாட்டா. எனவே ஈரமும் காற்றும் வேருக்கு ஒருங்கே கிடைத்தல் வேண்டும். நெல்லின் வேருக்கு அதன் தண்டினூடாகக் காற்று இறங்குவதால் அது நீர் நின்ற சேற்றில் வாழ்கின்றது. இச்செடிக்கு அவ்வசதி இல்லை.

சாடியில் நிகழும் கேடு

செடி நட்ட முதலாண்டில் நன்கு வளர்ந்து, இரண்டாம் மூன்றாம் ஆண்டிற் குன்றுவது வழக்கம். இதற்குக் காரணம் சாடியில் இட்ட ஊடகம் உக்கிப் பொடியாதலே. பொடியானது இடைவெளிகளை அடைத்துக் காற்றைத் தடுக்க, வேர் அழுகுகின்றது. வேர் அழுகிய செடியால் நீரை உறிஞ்ச முடியாமையால் இலை வாடிச் சுருங்கும். அதைக் கண்டவர் நீர் போதவில்லை என எண்ணி மேலும் ஊற்றுவர், செடி இறக்கும். இலை வாடியிருக்கையிற் சாடி ஈரமாய் இருப்பின், நீர் ஊற்றாது செடியைக் கழற்றி வேரைப் பார்த்தல் வேண்டும்.

எஞ்சிய செடியை மீட்டல்

தாழ்வாரத்தில் மறந்து விடப்பட்ட பழைய செடி ஒன்றேனும் பச்சை முளையுடன் இருப்பின், அதைக்கொண்டே தொடங்கலாம். இவ்வாறு செய்க:

1. செடியைச் சாடியினின்றும் மெல்லக் கழற்றிப் பழைய ஊடகத்தை முற்றாக நீக்குக.

2. விரலால் அழுத்தும்போது உறுதியாய் இருப்பது நல்ல வேர். குழைந்து மேற்றோல் கழன்று வருவது அழுகிய வேர்; அதை வெட்டி நீக்குக. வெட்டுங் கத்தியை ஒவ்வொரு செடிக்கும் முன்னர் நெருப்பிற் காட்டி ஆறவிடுக. ஓர்க்கிட் வைரசு நோய்கள் கத்தி வழியே பரவக்கூடியன.

3. உரிமட்டையை அரை அங்குலத் துண்டுகளாக வெட்டி, மூன்று நாள் நீரில் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றுக. உப்பும் சாயமும் நீங்கவே இது செய்யப்படுகின்றது. இத்துண்டு இரண்டு பங்கு, சிரட்டைக்கரி இரண்டு பங்கு, உடைத்த ஓடு ஒரு பங்கு எனக் கலக்குக. மழை மிகுந்த பிரதேசத்திற் கரியைச் சற்றுக் கூட்டலாம்.

4. வேர்த்தொகுதி அடங்கும் அளவான சிறு சாடியையே கொள்க. பெரிய சாடி நெடுநேரம் நனைந்திருக்கும்.

5. முளையின் அடி, ஊடகத்தின் மேற்பரப்பிற்குச் சற்றுக் கீழே இருக்குமாறு நடுக. புது வேர் முளையின் அடியிலிருந்தே தோன்றும். அடி மேலே எழுந்து நின்றால் வேர் காய்ந்துபோம்.

6. வேர் குன்றிய செடியை நிழலில் ஈரப்பதன் மிகுந்த இடத்தில் வைத்து, புதுவேர் ஓடும் வரை பசளை இடாது விடுக. இதற்குச் சில மாதம் செல்லலாம்.

அதன்பின் ஆண்டுக்கொரு முறை, அல்லது ஈராண்டுக்கு மேற்படாது, பூ உதிர்ந்த பின்னர் ஊடகத்தை மாற்றுதல் வேண்டும். இந்த ஒரு வேலையைத் தவறாது செய்பவரிடம் செடி நெடுங்காலம் வாழும்.

இடத்துக்கேற்ற இனம்

முன்னைய தோல்விக்கு இனத்தெரிவும் ஒரு காரணமாய் இருந்திருக்கலாம். வடகிழக்கிந்திய மலைகளுக்குரிய பாப்பியோபெடிலம் இன்சிக்னே பூப்பதற்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். அது நுவரெலியா, ஹக்கல போன்ற உயர்ந்த இடங்களுக்கு ஏற்றது; யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இலை மட்டுமே விடும். தாழ்நிலத்தார் இலையிற் புள்ளியும் கோலமும் உடைய வகைகளைத் தெரிதல் நன்று. மோடியே எனப்படும் கலப்பினங்கள், காலோசம், கடலோரச் சுண்ணப்பாறைகளில் வளரும் நிவியம் என்பன இவற்றுட் சில. ஒரே காம்பிற் பல பூப்பூக்கும் பிலிப்பினென்சேயும் வெப்பந் தாங்கும். ஆயின் அதற்குச் சற்றுக் கூடிய ஒளி வேண்டும்.

எவ்வகையாயினும் நேர் வெயில் ஆகாது. காலை இளவெயில் படும் கிழக்குத் தாழ்வாரமோ, நூற்றுக்கு எழுபது பங்கு நிழல் தரும் வலைப்பந்தரோ போதும். மழை நேரே விழாதவாறு கூரை அமைத்தல் நன்று.

நீரும் பசளையும்

நீரை நாட்கணக்கிற் பாய்ச்சலாகாது. சாடியைக் கையில் தூக்கிப் பார்த்து, பாரம் குறைந்து, ஆயினும் உள்ளே சிறிது ஈரம் இருக்கையில் ஊற்றுக. காலையிலேயே ஊற்றுதல் வேண்டும். இலைக்கக்கத்தில் இரவு முழுதும் நீர் நின்றால் நடுக்குருத்து அழுகும். சாடியின் கீழ்த் தட்டில் நீர் தேங்க விடற்க.

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் சுண்ணக்கல்லினூடு ஊறும் கிணற்று நீர் வன்மையுடையது. சில இடங்களில் உவர்ப்புங் கொண்டது. உப்புச் சேர்ந்தால் இலை நுனி கருகும். அவ்விடத்தார் மழைநீரைச் சேர்த்துப் பயன்படுத்துதல் நன்று.

மரக்கறிக்கு இடும் பசளை அளவு இச்செடியின் வேரை எரித்துவிடும். நீரிற் கரையும் சமச்சீர்ப் பசளையை ஒரு இலீற்றர் நீருக்கு அரைக் கிராம் வீதம் கரைத்து, வளரும் காலத்தில் இரு வாரத்துக்கு ஒரு முறை ஊற்றினாற் போதும். மாதம் ஒருமுறை வெறும் நீரை நன்றாய் ஊற்றி, தங்கிய உப்பைக் கழுவுக. களைநாசினி தெளித்த கருவியை, எவ்வளவு கழுவியிருப்பினும், இச்செடிகளுக்குப் பயன்படுத்தற்க.

நோயும் பீடையும்

இலையில் நீர்கோத்த கபில நிறப் பகுதி தோன்றிப் பரவின், அது பற்றீரியா அழுகலாய் இருக்கலாம். நல்ல பகுதியிற் சிறிது சேர வெட்டி நீக்கி, வெட்டிய இலையிற் கறுவாப்பொடி தடவி உலரவிடுக. அப்பொடி வேரிற் படலாகாது. வேரை உலர்த்திக் கெடுக்கும். இலையடியில் ஒளியும் வெண்மூட்டுப்பூச்சியையும் செதிற்பூச்சியையும் ஈரத்துணியால் துடைத்தெடுக்கலாம். நத்தைகளை இரவில் விளக்குடன் தேடிப் பொறுக்குக.

புதுச் செடி பெறுதல்

ஒவ்வொரு முளையும் ஒருமுறையே பூக்கும். பின்னர் அதன் அடியிலிருந்து புதுமுளை எழும். விதையிலிருந்து வளர்ந்த செடி பூப்பதற்குச் சில ஆண்டு செல்லும். ஆதலின் நண்பரிடமிருந்து பிரித்தெடுத்த செடியைப் பெறுதலே சிறந்த வழி. பிரிக்கும் ஒவ்வொரு கூறிலும் தன் வேருடன் இரண்டு, மூன்று முளைகளேனும் இருத்தல் வேண்டும். அவ்வளவு இல்லாவிடிற் பிரியாது விடுக.

காட்டிற் பிடுங்கிய செடியை எவர் கொணரினும் வாங்கலாகாது. பாப்பியோபெடிலம் இனங்கள் யாவும் 1990 முதல் சைற்றிஸ் உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பில் இடம்பெற்றுள்ளன. காட்டுச் செடிகளின் நாடுகடந்த வணிகம் அதனால் தடுக்கப்பட்டுள்ளது. இலங்கை 1979 முதல் அவ்வுடன்படிக்கையில் உள்ளது. பிறநாட்டிலிருந்து செடி கொணர்வோர், 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முன்கூட்டியே அனுமதி பெறுதல் வேண்டும். உறவினர் பயணப்பெட்டியில் வைத்துக் கொணரும் ஒரு செடியோடு, நம் பயிர்களைக் கெடுக்கும் புதுப் பீடையும் வந்து சேரக்கூடும்.

முதலாண்டில் இரண்டு, மூன்று செடிகளுக்கு மேற் கொள்ளாது தொடங்குக. வாரத்தில் ஓரிரு மணி நேரம் அவற்றுக்குப் போதும். ஒரு பூ ஆறு முதல் எட்டு வாரம் வரை வாடாது நிற்கும். ஐயம் எழுமாயின், வாடிய இலையை மட்டும் கொண்டுசெல்லாது செடியைச் சாடியோடு எடுத்துச்சென்று, உங்கள் பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி ஆலோசனை பெறுக.