வாங்கட்டுமா மச்சி?

ஜேம்ஸ்பாண்டுக்குத் துப்பாக்கி செலக்ட் பண்ணிக் கொடுத்தது பிரிட்டிஷ் உளவுத்துறை என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? இல்லை சார். ஒரு வாசகர்!

1956-ல் கிளாஸ்கோ நகரத்திலிருந்து ஜெஃப்ரி பூத்ராய்ட் என்கிற துப்பாக்கிப் பிரியர், கதாசிரியர் இயான் ஃபிளெமிங்குக்கு ஒரு கடிதாசு போட்டார். 'பாண்ட் வைத்திருக்கிற பாயிண்ட் 25 பெரெட்டா லேடீஸ் ஹேண்ட்பேக் சமாசாரம்; ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியின் சென்டென்னியல் ரிவால்வர் கொடுங்கள்' என்கிற ரீதியில் சிபாரிசு. ஃபிளெமிங் கோபப்படவில்லை. 1958-ல் வந்த 'டாக்டர் நோ' நாவலில் அவரையே 'மேஜர் பூத்ராய்ட்' என்ற கேரக்டர் ஆக்கி, அவர் கையாலேயே பாண்டுக்கு வால்தர் பி.பி.கே. பிஸ்டலைக் கொடுக்க வைத்துவிட்டார். ஒரு சின்ன சறுக்கல்... கூடவே கொடுத்த தோள் உறை, ரிவால்வருக்கு மட்டுமே பொருந்துகிற உறை! அதையும் பூத்ராய்ட்தான் (மன்னிக்கவும்) சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது.

நம்ம சினிமாவில் உறை பற்றிக் கவலையே கிடையாது. ஜெய்சங்கர் காலத்திலிருந்து ஹீரோ பேன்ட்டுக்குப் பின்னால் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு ரெண்டு ஃபைட், ஒரு டூயட் முடித்துவிட்டு வருவார். துப்பாக்கி அங்கேயே இருக்கும்.

ஆனால் அமெரிக்காவில் இது நிஜம். சட்டைக்கு அடியில் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு ஆபீஸ் போகிறவர்களும் காய்கறி வாங்குகிறவர்களும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். 'கன்சீல்டு கேரி' என்று பெயர். உங்கள் காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தன் டல்லாஸில் இருந்தால் என்றைக்காவது ராத்திரி போன் பண்ணுவான்: "மச்சி, இங்க பால் வாங்க வர்ற ஆளுகூட இடுப்புல வெச்சிருக்கான்டா. நானும் ஒண்ணு வாங்கட்டுமா?"

என்ன பதில் சொல்வீர்கள்? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கவுன்ட்டரில் ஒரு பரீட்சை

நம் ஊரில் 1959-ம் வருடத்து ஆயுதச் சட்டப்படி முதலில் லைசென்ஸ், அப்புறம்தான் கடை. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் நேராகக் கடைக்கே போய்விடலாம். ஐநூறு, அறுநூறு டாலரில் நல்ல பிஸ்டல் கிடைக்கும். 1968-ம் வருடத்துச் சட்டம் லைசென்ஸ் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது கேட்கிறது. கடைக்காரர் ஒரு பாரத்தை நீட்டுவார். நம்பர் 4473.

பெரிய குற்றத்தில் தண்டனை உண்டா? பெண்டாட்டியை அடித்த வழக்கு உண்டா? போதைப் பழக்கம் உண்டா? வாங்குவது உனக்கா, வேறு யாருக்காவதா? எல்லாம் 'ஆம், இல்லை' கேள்விகள். பொய் சொன்னால் ஜெயில் வரைக்கும் போகும். ஜோ பைடனின் மகன் ஹன்டர் பைடன் 2018-ல் ஒரு கோல்ட் கோப்ரா ரிவால்வர் வாங்கும்போது போதைக் கேள்விக்கு 'இல்லை' என்று டிக் அடித்தார். துப்பாக்கி அவரிடம் இருந்தது 11 நாள். 2024 ஜூனில் கோர்ட் குற்றவாளி என்றது. அப்பா ஜனாதிபதியாக இருந்ததால் அந்த டிசம்பரில் மன்னிப்பு கிடைத்தது. உங்க ஃப்ரெண்டுக்கு அந்த வசதி இல்லை.

பாரத்தை வைத்துக்கொண்டு எஃப்.பி.ஐ. நடத்தும் கம்ப்யூட்டர் சோதனையில் பெயரைத் தட்டிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் சில நிமிஷத்தில் பதில் வந்துவிடும். இந்தச் சோதனைக்கு ஒரு சோகக் கதை உண்டு. 1981 மார்ச் 30-ம் தேதி ஜனாதிபதி ரீகனைச் சுட்டவன், டல்லாஸில் ஒரு அடகுக் கடையில் வாங்கிய மலிவான பாயிண்ட் 22 ரிவால்வரால்தான் சுட்டான். தலையில் குண்டு பாய்ந்தது ரீகனுக்கு அல்ல. பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிராடிக்கு. பிழைத்தார், ஆனால் மிச்ச வாழ்க்கை சக்கர நாற்காலியில். அவர் பெயரால் 1993-ல் வந்த சட்டத்தின் பலன்தான் 1998-ல் தொடங்கிய இந்தச் சோதனை.

ஃப்ரெண்ட் எச்-1பி விசாவா? அப்படியானால் கதை மாறுகிறது. தாற்காலிக விசாக்காரர்களுக்குத் துப்பாக்கி விற்கக் கூடாது என்பது மத்திய சட்டம். ஆனால் ஒரு சந்து இருக்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விற்கலாம்! கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதப் போன தயிர்சாதப் பையன், துப்பாக்கி வாங்க முதலில் மான் வேட்டைக்காரனாக வேண்டும்.

வாங்கியதை மறைத்து எடுத்துப்போவது தனிச் சட்டம், மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்ஸஸில் 2021 செப்டம்பரிலிருந்து 21 வயதானவர்களுக்கு லைசென்ஸே வேண்டாம். நியூயார்க்கில் கட்டாயம் வேண்டும். 'எனக்கு விசேஷ ஆபத்து இருக்கிறது' என்று நிரூபிக்கச் சொன்ன அந்த ஊர்ச் சட்டத்தை 2022-ல் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது, லைசென்ஸைத் தள்ளவில்லை. டெக்ஸஸிலும் எல்லா இடமும் ஓகே கிடையாது. வாசலில் சிவப்பாக '51%' என்று போர்டு இருந்தால் வருமானத்தில் பாதிக்கு மேல் மது விற்பனையில் வருகிற இடம் என்று அர்த்தம். துப்பாக்கியோடு உள்ளே போகக் கூடாது.

சின்னதா, பெருசா?

கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகப் படுத்திருக்கும். எதை எடுப்பது?

அன்றைக்கு பூத்ராய்ட் சிபாரிசு செய்தாரே, அந்த சென்டென்னியலின் வாரிசு இன்றும் விற்பனையில் இருக்கிறது. பெயர் 642. ஐந்தே தோட்டா, சுமார் நானூறு கிராம். சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் பாக்கெட்டில் சிக்காது. ஆனால் ட்ரிகர் கனம். தோட்டா தீர்ந்தால் மறுபடி நிரப்ப நேரமாகும்.

ஆஸ்திரியாக்காரர் காஸ்டன் கிளாக் 1980-களில் பிளாஸ்டிக் உடம்போடு ஒரு பிஸ்டல் செய்து உலகத்தையே மாற்றினார். அதன் நடுத்தர அண்ணன் கிளாக் 19. மேகஸினில் (நம்ம பத்திரிகை இல்லை சார், தோட்டா அடுக்குகிற பெட்டி!) 15 தோட்டா. சுடுவதற்கு சுகம். ஒல்லியான ஆசாமி டி-ஷர்ட்டுக்குள் வைத்தால் துருத்திக்கொண்டு நிற்கும். 2018-ல் சிக் சாவர் கம்பெனி பி365 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அரை கிலோ, ஏறக்குறைய ஒரு இஞ்ச் தடிமன், உள்ளே 10 தோட்டா. மறைப்பவர்களுக்குக் கொண்டாட்டம்.

இங்கேதான் புதுசாக வாங்குகிறவர்கள் ஏமாறுவது. 'சின்னத் துப்பாக்கி, சுலபமாகச் சுடலாம்' என்று தோன்றும். நேர்மாறு! எடை குறையக் குறைய உதை அதிகம். குழல் குட்டையாக இருந்தால் குறி பார்ப்பது கஷ்டம். ஆக, மறைக்க சுலபமானது சுட கஷ்டம். சுட சுலபமானது மறைக்க கஷ்டம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் பெட்டியைப் பார்த்து வாங்குவதில்லை. சுடும் பயிற்சிக்கூடத்தில் வாடகைக்கு எடுத்து, நாலைந்து மாடலில் ஐம்பது ஐம்பது ரவுண்டு சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் பர்ஸைத் திறப்பார்கள்.

தோட்டா சண்டை

எந்த சைஸ் தோட்டா என்பது அங்கே ரஜினி-கமல் சண்டை மாதிரி. 1986 ஏப்ரலில் மயாமியில் ரெண்டு கொள்ளைக்காரர்களோடு நடந்த மோதலில் எஃப்.பி.ஐ. ஏஜென்ட்டுகள் இரண்டு பேர் செத்தார்கள். ஒரு கொள்ளைக்காரன் மார்பில் பாய்ந்த 9 மி.மீ. குண்டு இதயத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. அதற்கப்புறமும் அவன் சுட்டுக்கொண்டிருந்தான். 'தோட்டா போதவில்லை' என்று பெரிய சைஸுக்குப் போனார்கள். உதை தாங்கவில்லை. 1990-ல் பாயிண்ட் 40 என்று புது சைஸே பிறந்தது. கடைசியில், தோட்டாக்களின் தரம் உயர்ந்த பிறகு, 2015 வாக்கில் எஃப்.பி.ஐ. மறுபடி 9 மி.மீ.க்கே திரும்பிவிட்டது. முப்பது வருஷ ஆராய்ச்சியின் சாரம்: பெரிய தோட்டாவைவிட, குறி தவறாமல் சுட முடிகிற தோட்டா மேல்.

ஆட்டக்காரரின் தொடை

எல்லாரும் துப்பாக்கிக்கு மாசக்கணக்கில் யோசித்துவிட்டு உறையைக் கடைசி ஐந்து நிமிஷத்தில் வாங்குவார்கள். ப்ளாக்ஸிகோ பரெஸ் வாங்கினாரா என்றே சந்தேகம்.

நியூயார்க் ஜயன்ட்ஸ் டீமின் ஸ்டார். 2008 பிப்ரவரியில் சூப்பர் பவுல் ஃபைனலில் வெற்றி கேட்ச் பிடித்தவர். அதே வருஷம் நவம்பரில் நியூயார்க்கில் ஒரு நைட் கிளப்புக்கு ட்ராக் பேன்ட் இடுப்பில் கிளாக் பிஸ்டலைச் செருகிக்கொண்டு போனார். அது நழுவிக் காலுக்குள் இறங்கியது. நழுவுகிற பொருளைக் கை தானாகப் பிடிக்குமல்லவா? டமால்! சொந்தத் தொடையில் குண்டு. நியூயார்க் லைசென்ஸ் இல்லை. இரண்டு வருஷ ஜெயில் தண்டனை. கோடிக்கணக்கான டாலர் கான்ட்ராக்ட்டும் போச்சு. உலகமே பார்த்த கேட்சைப் பிடித்த கை அது!

கிளாக்கில் தனியாக சேஃப்டி பொத்தான் கிடையாது. ட்ரிகரை யார் இழுத்தாலும் வெடிக்கும். விரலா, சட்டை நுனியா என்று அதற்குத் தெரியாது. ஆகவே உறை கெட்டியாக இருக்க வேண்டும், ட்ரிகரை முழுசாக மூட வேண்டும், கூடவே நல்ல தடித்த பெல்ட் வேண்டும்.

அப்புறம் ஞாபகமறதி. 2023-ல் மட்டும் அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் கைப்பையிலிருந்து பிடிபட்ட துப்பாக்கிகள் 6,737. அதில் நூற்றுக்கு 93-ல் தோட்டா நிரம்பியிருந்தது. கேட்டால் பலரும் சொல்வது, 'மறந்துட்டேன் சார்!' நாம் குடையை மறக்கிற மாதிரி.

வீட்டுக்குப் போன பிறகு

இனி சிரிக்க முடியாத பகுதி.

2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு பெரிய கடையில், லைசென்ஸ் வைத்திருந்த ஓர் இளம் தாய், துப்பாக்கிக்கென்றே தனி அறை தைத்த கைப்பையைத் தள்ளுவண்டியில் வைத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரெண்டு வயசுக் குழந்தை ஜிப்பைத் திறந்தது. அம்மா அங்கேயே இறந்துபோனார். சட்டத்தை மீறியவர் இல்லை, பயிற்சி இல்லாதவரும் இல்லை. துப்பாக்கி உடம்பில் இல்லாமல் பையில் இருந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கு. 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானவர்கள் 48,830 பேர். இதில் 26,328 பேரைக் கொன்றது திருடனோ ரௌடியோ அல்ல, அவர்களே. பாதிக்கும் மேல்! மனசு உடைந்த ஒரு ராத்திரி விடிந்தால் சரியாகிவிடும். துப்பாக்கி விடிகிற வரை காத்திருப்பதில்லை.

இதை முதலில் புரிந்துகொண்டவர்களில் துப்பாக்கிக் கடைக்காரர்களே உண்டு. 2009-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒரே கடையில், ஒரு வாரத்துக்குள் தனித்தனியாக மூன்று பேர் துப்பாக்கி வாங்கிப் போய், சில மணி நேரத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். பாரத்தில் எல்லாம் சரி, சோதனையில் எல்லாம் சரி. விஷயம் தெரிந்த கடைக்காரர் ஆடிப்போனார். அவரும் பொதுச் சுகாதார ஆட்களும் சேர்ந்து ஆரம்பித்த வேலை, மாநிலம் பூராவும் கடைகளில் போஸ்டராக ஒட்டப்பட்டது: நண்பன் மனக்கஷ்டத்தில் இருந்தால் அவன் துப்பாக்கியைக் கொஞ்ச நாள் நீ வாங்கி வைத்துக்கொள்.

ஆகவே மச்சி போன் பண்ணினால், எந்த மாடல் என்று ஆரம்பிக்காதீர்கள். நாலு கேள்வி கேளுங்கள். தினம் உறையோடு கட்டிக்கொள்வாயா? கழற்றியதும் பூட்டி வைக்கப் பெட்டி இருக்கிறதா? மாசாமாசம் பயிற்சிக்குப் போவாயா? வீட்டில் குழந்தையோ, சரியாகத் தூங்காத மனுஷனோ உண்டா?

முதல் மூன்றுக்கு 'ஆமாம்', நாலாவதுக்கு 'இல்லை' என்று தயங்காமல் பதில் வந்தால் அப்புறம் கிளாக்கா, சிக்கா என்று பேசலாம்.

தயங்கினால் விடாதீர்கள். "சாப்பிட்டியாடா? தூக்கம் எப்படி?" என்று பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோங்கள். பாரம் 4473-ல் இல்லாத கேள்விகள் அவை.